பொருளும் பார்வையும்: பணியிட உரையாடல் மென்பொருள்கள் குறித்து ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமாவது பெற்றவர்களுக்கு அதன் தலைப்பகுதி பழக்கமானது. முதலில் ந.க. எண். அதன் கீழே ‘பொருள்’ என்று ஒரு வரி. கடிதம் எதைப் பற்றியது என்று அது சொல்லும். அடுத்து ‘பார்வை’, இதே விஷயத்தில் இதற்கு முன் யார், எந்த நாளில், என்ன எழுதினார்கள் என்று அது சொல்லும். எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருக்கலாம், அலுவலகமே வேறு கட்டடத்துக்கு மாறியிருக்கலாம். அந்த மூன்று வரிகள் கையிலிருந்தால் கோப்பைத் தேடி எடுத்துவிட முடியும்.

இது தற்செயலாக வந்த வழக்கமல்ல. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி டாட்டன்ஹாமின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறையில் ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு உண்டு. ஒவ்வொரு விஷயத்துக்கும் தனிக் கோப்பு உண்டு. கோப்புக்குள் இரண்டு பகுதிகள். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் நடப்புக் கோப்பில் இருக்கும். இந்த முடிவை ஏன் எடுத்தோம் என்ற வாதமும் மறுவாதமும் குறிப்புக் கோப்பில் இருக்கும். கோப்புகள் மெதுவாக நகர்கின்றன என்று நாம் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் அந்த மெதுவான கோப்பு எதையும் மறப்பதில்லை.

இன்று ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ முடிவுகள் பெரும்பாலும் உரையாடல் மென்பொருளில்தான் எடுக்கப்படுகின்றன. வாட்ஸ்அப் குரூப், ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜோஹோ கிளிக் என்று இடம் மாறலாம், நடப்பது ஒன்றுதான். காலையில் கேட்ட கேள்விக்கு மதியத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. ஆனால், ‘போன ஆண்டு அந்தச் சப்ளையரை ஏன் மாற்றினோம்?’ என்று புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பதில் எங்கோ ஒரு குரூப்பில், ‘ஓகே சார்’களுக்கும் கைகூப்பிய படங்களுக்கும் நடுவில் கிடக்கிறது, அல்லது வேலையை விட்டுப் போனவரின் கைபேசியோடு போய்விட்டது.

இந்த மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியலிடுகின்றன: வீடியோ அழைப்பில் எத்தனை பேர், எத்தனை ஜிபி இடம், மாதம் எவ்வளவு. அவையும் தேவையான தகவல்கள்தாம். ஆனால் உரையாடல் மென்பொருளைத் தேர்வு செய்யும்போது ஒரு நிறுவனம் உண்மையில் முடிவு செய்வது, தன் நினைவு எந்த வடிவில் இருக்க வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான். இங்கே ஒப்பீடு அந்த அளவுகோலில் நடக்கிறது.

கைவிட்ட விளையாட்டிலிருந்து வந்த கருவி

கணினி வழியே கூடிப் பேசும் வழக்கம் கைபேசிக்கு மிக முந்தையது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய பிளேட்டோ என்னும் கல்விக் கணினி அமைப்பில் 1973-லேயே இரண்டு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்று டாக்கோமேட்டிக், பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து பேசுவதற்கானது. மற்றொன்று பிளேட்டோ நோட்ஸ். தலைப்பிட்டு எழுதி வைத்தால் மற்றவர்கள் வசதிப்பட்டபோது படித்துப் பதிலிடுவதற்கானது. உடனடிப் பேச்சு, ஆறஅமர எழுதும் குறிப்பு என்னும் இந்த இரண்டு பாதைகளும் அன்று பிரிந்தவை; இன்றைய மென்பொருள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றின் வழித்தோன்றல்.

குறிப்புப் பாதையில் வந்தது லோட்டஸ் நோட்ஸ். பிளேட்டோவைப் பயன்படுத்திப் பழகியிருந்த ரே ஓஸி உருவாக்கி 1989-ல் வெளிவந்த இந்த மென்பொருளுக்காகவே ஐ.பி.எம். 1995-ல் லோட்டஸ் நிறுவனத்தை 350 கோடி டாலருக்கு வாங்கியது என்று சொல்லலாம். 2019-ல் அது ஷிவ் நாடார் நிறுவிய எச்.சி.எல். நிறுவனத்தின் கைக்கு வந்தது. பேச்சுப் பாதையில் வந்தது ஐ.ஆர்.சி. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்டில் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதியது. சேனல் என்ற சொல்லும், அதன் பெயருக்கு முன் போடும் # குறியும் அங்கிருந்து வந்தவை.

ஸ்லாக்கின் கதை இங்கே இணைகிறது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் டைனி ஸ்பெக் நிறுவனம் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. வெவ்வேறு ஊர்களில் இருந்த அதன் குழுவினர் தங்களுக்குள் பேச ஐ.ஆர்.சி.யைப் பயன்படுத்தினார்கள், அதன் குறைகளை ஒவ்வொன்றாகத் தாமே சரிசெய்தார்கள். அவர்கள் ஒட்டவைத்த முக்கியமான வசதிகள் பழைய பேச்சைச் சேமித்து வைப்பதும், அதில் தேடுவதும். 2012 டிசம்பரில் விளையாட்டு மூடப்பட்டது. பேசுவதற்காகச் செய்துகொண்ட கருவி மட்டும் மிஞ்சியது. அதுதான் 2014 பிப்ரவரியில் ஸ்லாக் என்ற பெயரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த ஆங்கிலப் பெயரை விரித்தால், ‘எல்லா உரையாடலையும் அறிவையும் தேடக்கூடிய பதிவேடு’ என்று பொருள்படும். பதிவேடு என்ற எண்ணம் பெயரிலேயே இருந்தது. அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடை, கிளை, தலைப்பு

உரையாடலை அடுக்கும் முறையில் மூன்று வகைகளைக் காணலாம்.

முதல் வகை ஓடை. வாட்ஸ்அப் குரூப் இதன் தூய வடிவம். வந்த வரிசையில் செய்திகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து பேர் கொண்ட குழு, அன்றே முடிந்துவிடும் வேலை என்றால் இதைவிட எளிய கருவி கிடையாது. ஆள் கூடும்போதுதான் சிக்கல். மென்பொருள் வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் தன் புகழ்பெற்ற நூலில் சுட்டிக்காட்டிய கணக்கு இது: ஐந்து பேருக்கிடையே இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10, ஐம்பது பேருக்கிடையே 1,225. பத்து மடங்கு ஆட்களுக்கு நூறு மடங்குக்கும் மேல் பேச்சு. அத்தனையும் ஒரே ஓடையில் ஓடினால் ஒரே மணி நேரத்தில் விடுப்பு விண்ணப்பம், பழுதான ஜெனரேட்டர், தணிக்கை தேதி மூன்றும் பின்னிக்கொள்கின்றன.

இரண்டாவது வகை கிளை. ஸ்லாக்கில் துறைவாரியாகச் சேனல்கள் உண்டு. சேனலுக்குள் ஒரு செய்திக்கு வரும் பதில்களைத் தனியே அடுக்கும் த்ரெட் வசதி 2017 ஜனவரியில் சேர்ந்தது. ஜோஹோ கிளிக்கும் கூகுள் சாட்டும் மேட்டர்மோஸ்டும் ஏறக்குறைய இந்த வழியே. ஓடையைவிட இது நிச்சயம் மேல். ஆனால் த்ரெட்டுக்குப் பெயர் வைக்கும் கட்டாயம் இல்லை. ‘ஒரு சந்தேகம்’ என்று தொடங்கிய செய்தியின் அடியில் முக்கியமான முடிவு புதைந்திருக்கும். அது அங்கே இருப்பது தெரிந்தவருக்குத்தான் தெரியும். த்ரெட்டில் பதில் எழுதுவதா, சேனலில் எழுதுவதா என்பதும் ஒவ்வொருவர் பழக்கத்தைப் பொறுத்துப் போகிறது.

மூன்றாவது வகை தலைப்பு. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் 2012-ல் தொடங்கி, 2014-ல் டிராப்பாக்ஸ் வாங்கி, 2015-ல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த ஜூலிப் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. சேனலுக்குள் ஒவ்வொரு உரையாடலும் ஒரு தலைப்பின் கீழ் அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. பேச்சு திசை மாறினால் அந்தச் செய்திகளை மட்டும் வேறு தலைப்புக்கு நகர்த்தலாம். விஷயம் முடிந்ததும் ‘தீர்ந்தது’ என்று குறிக்கலாம். ரஸ்ட் கணினி மொழியை வளர்க்கும் குழுவினர் உலகின் பல நேர மண்டலங்களிலிருந்து இதில்தான் விவாதிக்கிறார்கள். தூங்கி எழுந்து வருபவர் தனக்குத் தேவையான தலைப்பை மட்டும் திறந்து முதலிலிருந்து படிக்கலாம். நம் அலுவலகக் கடிதத்தின் ‘பொருள்’ வரி செய்துவந்த வேலை இதுதான்.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறையும் தலைப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருப்பது வாட்ஸ்அப்புக்குப் பழகிய கைகளுக்குச் சுமையாகத் தெரியும். முதல் சில வாரங்களில் முணுமுணுப்பு வரும். எழுதுபவர் செலவிடும் சில நொடிகள், படிக்கப்போகிற பலரின் பல நிமிடங்களைக் காப்பாற்றுகின்றன என்பதைத் தலைமை நம்பினால்தான் இது நிலைக்கும்.

டீம்ஸ் இந்த மூன்றுக்கும் இடையில் நிற்கிறது. அதன் சேனலில் பதிவுக்குத் தலைப்பிடலாம். பக்கத்திலேயே சாட் என்ற தனி ஓடையும் உண்டு. எளிதானது எதுவோ அங்கே மனிதர்கள் போவார்கள். ஆகவே பேச்சு சாட்டுக்குச் சரிகிறது. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சேனலில் பகிரும் கோப்பு குழுவுக்குப் பொதுவான ஷேர்பாயின்ட்டில் சேமிக்கப்படும். சாட்டில் பகிரும் கோப்போ அனுப்பியவரின் சொந்த ஒன்டிரைவில் இருக்கும். அவர் வேலையை விட்டுப்போய்க் கணக்கு நீக்கப்பட்டால், நிர்வாகி மாற்றி அமைக்காத வரை அந்த ஒன்டிரைவ் 30 நாள்தான் காக்கப்படும். ஒரே மென்பொருளுக்குள் எந்தக் கதவின் வழியே கோப்பு போனது என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் மாறுகிறது.

சாவி யாரிடம்?

ஸ்லாக், டீம்ஸ், கிளிக் ஆகியவை அவற்றை வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பிலுள்ள சர்வரில் இயங்குபவை. அனுப்பும் வழியிலும் சேமிக்கும் இடத்திலும் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து இருப்பதைப் போன்ற, அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே திறக்கக்கூடிய முழுமையான மறையாக்கம் ஸ்லாக்கின் செய்திகளுக்கோ டீம்ஸின் வழக்கமான உரையாடலுக்கோ கிடையாது. அலுவலகத்துக்கு இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சட்டம் கேட்கும்போது பதிவைக் காட்ட வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. தனிச்செய்தி என்று நினைத்து ஊழியர் எழுதுவதையும், உரிய நிபந்தனைகளின்படி நிர்வாகம் எடுத்துப் பார்க்க முடியும். இதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மையான நிர்வாகத்தின் முதல் கடமை.

பதிவைக் காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் நடவடிக்கைகளே சான்று. ஊழியர்கள் சொந்தக் கைபேசியில் அலுவல் பேசி, அந்தப் பதிவுகள் காக்கப்படாமல் போனதற்காக, 2022 செப்டம்பரில் 16 நிதி நிறுவனங்கள் கூட்டாக 110 கோடி டாலருக்கும் மேல் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன. அங்கே குற்றமாகக் கருதப்பட்டது ரகசியம் கசிந்தது அல்ல. பதிவு இல்லாமல் போனது.

எல்லாவற்றையும் காலகாலத்துக்கும் சேர்த்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலையில் டிஸ்னி நிறுவனத்தின் ஸ்லாக்கிலிருந்து ஒரு டெராபைட்டுக்கும் மேற்பட்ட தரவு வெளியே கசிந்தது. அந்நிறுவனம் பிறகு ஸ்லாக்கை விட்டு விலக முடிவு செய்தது. எதை எத்தனை ஆண்டு வைப்பது, எதை அழிப்பது என்ற விதி வகுக்காமல் எந்த மென்பொருளை வாங்கினாலும் பயனில்லை. அரசு அலுவலகங்களில் கோப்புகளை நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு என வகை பிரிக்கும் பழக்கத்தில் இந்த விதிக்கான முன்மாதிரி இருக்கிறது.

சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு வேறு பாதை உண்டு. ஜூலிப், மேட்டர்மோஸ்ட், பிரேசிலில் பிறந்த ராக்கெட்.சாட் ஆகியவற்றைச் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மேட்ரிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது ஒரு திறந்த நெறிமுறை. வெவ்வேறு நிறுவனங்கள் தத்தம் சர்வரை வைத்துக்கொண்டே, மின்னஞ்சலைப் போல ஒருவருக்கொருவர் பேசலாம். முழு மறையாக்கமும் உண்டு. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக 2019-ல் கொண்டுவந்த சாப் என்னும் செயலியும், ஜெர்மன் ராணுவத்தின் உரையாடல் செயலியும் இதன்மேல் கட்டப்பட்டவை. தம் அலுவல் பேச்சு அயல்நாட்டு நிறுவனத்தின் சர்வரில் இருக்கக் கூடாது என்பது அந்த அரசுகளின் நிலைப்பாடு. ஆனால் சொந்தச் சர்வர் என்றால் அதைப் பராமரிக்கவும், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் சேர்க்கவும், நாள்தோறும் நகலெடுத்து வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத நிறுவனம் பூட்டைத் தானே செய்துகொண்டு கதவைத் திறந்து போட்டதுபோல் ஆகிவிடும்.

இலவசத்தின் விலை

ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். 2024 ஆகஸ்டிலிருந்து, ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிக்கவும் படுகின்றன. தேடக்கூடிய பதிவேடு என்று பெயர் பெற்ற கருவியில், காசு கொடுக்காதவரின் பதிவேட்டுக்கு ஆயுள் ஒரு பருவம்தான். சிறு தொண்டு நிறுவனங்களும் தன்னார்வக் குழுக்களும் இதை அறிந்தே இறங்க வேண்டும்.

டீம்ஸின் பலம் வேறு. 2017-ல் வந்த அது ஆபீஸ் தொகுப்போடு சேர்ந்தே கிடைத்தது. ஆபீஸ் வாங்கியவருக்கு டீம்ஸுக்காகத் தனிச் செலவு இருக்கவில்லை. 2019 ஜூலையில் 1.3 கோடியாக இருந்த அதன் தினசரிப் பயனர் எண்ணிக்கை, பெருந்தொற்று ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் 7.5 கோடி ஆனது. அந்த ஆண்டு ஜூலையில், இப்படித் தொகுப்போடு சேர்த்து விற்பதை எதிர்த்து ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் ஸ்லாக்கை 2,770 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆணையத்தின் விசாரணையைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் 2023-ல் ஐரோப்பாவிலும் 2024-ல் உலகெங்கும் டீம்ஸைத் தனியே பிரித்து விற்கத் தொடங்கியது. தொகுப்போடு வருவது வசதிதான். ஆனால் மின்னஞ்சல், கோப்பு, பேச்சு மூன்றும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் ஒன்றை மாற்ற நினைத்தால் மூன்றையும் மாற்ற வேண்டிவரும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தொகுப்பை வாங்குபவருக்கும் இது பொருந்தும். நம்மூர் நிறுவனம் என்ற பெருமிதம் ஒருபுறம் இருக்கட்டும். தரவை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்ற கேள்வியை அவர்களிடமும் அதே கறாரோடு கேட்க வேண்டும்.

ஏனென்றால் இந்தத் துறையில் மென்பொருள்கள் சாகின்றன. அட்லாசியனின் ஹிப்சாட் 2019-ல் நிறுத்தப்பட்டது. மெட்டா 2016-ல் தொடங்கிய வொர்க்பிளேஸை 2026 மே மாதத்தோடு முடித்துக்கொள்வதாக 2024-ல் அறிவித்தது. ஸ்கைப் 2025 மே 5 அன்று ஓய்ந்தது. இவை ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் நினைவு இருந்தது.

தமிழில் தேடினால்

நம் அலுவலகங்களுக்கே உரிய ஒரு கேள்வியை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் கேட்பதில்லை. உரையாடல் தமிழில் நடந்தால், அதைத் தேடி எடுக்க முடியுமா?

‘தணிக்கை’ என்று தேடினால் ‘தணிக்கைக்கு’, ‘தணிக்கையில்’ ஆகியவை பெரும்பாலும் அகப்படலாம். முதல் பகுதியின் எழுத்து மாறவில்லை. ‘ஒப்பந்தம்’ என்று தேடிப் பாருங்கள். ‘ஒப்பந்தத்தில்’, ‘ஒப்பந்தத்துக்கு’, ‘ஒப்பந்தத்தை’ என்று எழுதப்பட்டவை கிடைக்காமல் போகலாம். வேற்றுமை ஏறும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. எழுத்தை எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு இவை வெவ்வேறு சொற்கள். இதைத் தீர்க்க, சொல்லின் அடிப்பகுதியைப் பிரித்தறியும் கருவி வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் திறந்த மூலத் தரவுத்தளத்தில் 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலேயே தமிழுக்கு அப்படியொரு கருவி சேர்ந்திருக்கிறது. அதே தரவுத்தளத்தின்மேல் இயங்கும் ஜூலிப், எல்லா மொழிகளிலும் தேடுவதற்கு பிகுரூங்கா என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. தம் சர்வரில் தாமே நிறுவுபவர்கள் இவற்றைத் தொட்டுச் சீரமைக்கலாம். மூடிய சேவையை வாங்குபவர் நிறுவனம் கொடுத்த தேடலோடு நிறைவடைய வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் எழுத்துப் பழக்கத்தில் இருக்கிறது. ஒரே விஷயத்தை ஒருவர் தமிழ் எழுத்தில், இன்னொருவர் தமிழை ரோமன் எழுத்தில், மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். நான்காமவர் குரல்பதிவாக அனுப்பிவிடுகிறார். இந்த நான்கையும் ஒருசேரத் தேடித் தருவது கடினம். தலைப்பு முறை இங்கேயும் கைகொடுக்கிறது. உள்ளே எப்படி எழுதினாலும், தலைப்பை மட்டும் ஒரே முறையில் எழுத வேண்டும் என்று அலுவலகம் முடிவெடுத்தால் போதும். தேடல் தோற்கும் இடத்தில் தலைப்பு காப்பாற்றும்.

ஓயாத மணியோசை

நினைவைப் போலவே கவனமும் நிறுவனத்தின் செல்வம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலக ஊழியர்களைப் பக்கத்திலிருந்து கவனித்து ஆய்ந்தவர். இடையூறு வந்தால், விட்ட வேலைக்கு மனிதர்கள் திரும்பிவர 20 நிமிடத்துக்கும் மேல் ஆகிறது என்பதை அவரது ஆய்வுகள் காட்டின. ஓடை வகை மென்பொருளில் ஒவ்வொரு மணியோசைக்கும் எட்டிப் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகுதான் அது தனக்கானதா என்று தெரியும். பார்க்காவிட்டால் தவறிவிடுமோ என்ற பதற்றம் வேறு. தலைப்பு தெரிந்தால் பார்க்காமலே ஒதுக்கி வைக்கலாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல், குறைந்தது 50 பேர் பணிபுரியும் நிறுவனங்கள் பணிநேரத்துக்குப் பின் தொடர்பறுத்திருக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேசி வழிவகுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேலதிகாரி போடும் ஒரு கேள்விக்குறி எத்தனை வீடுகளின் தூக்கத்தைத் தொடுகிறது என்பதை நம் நிர்வாகங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த மென்பொருளிலும் அறிவிப்பை அடக்கி வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது குற்றமில்லை என்று சொல்லும் மேலதிகாரிதான் வேண்டும்.

எதைத் தேர்வது?

சட்டப்படி பதிவுகளைக் காட்ட வேண்டிய, ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் தொகுப்பில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு டீம்ஸ் பொருந்தும். முடிவுகள் சாட்டில் அல்ல, சேனலில்தான் என்ற விதி அங்கே உயிர்நாடி. பல வெளி நிறுவனங்களோடும் பல மென்பொருள்களோடும் இணைந்து வேலை செய்யும் தொழில்நுட்பக் குழுவுக்கு ஸ்லாக்கின் இணைப்புகள் உதவும். காசு கொடுத்து வாங்கினால் மட்டும். கணக்கு, விற்பனை எல்லாம் ஜோஹோவில் வைத்திருக்கும் சிறு, நடுத்தரத் தொழிலுக்கு கிளிக் இயல்பான தேர்வு. ஆய்வு நிறுவனம், பதிப்பகம், தொண்டு அமைப்பு போன்று ஆழமாக விவாதித்து முடிவெடுக்கும் இடங்களுக்கு என் முதல் பரிந்துரை ஜூலிப். ரகசியம் காப்பதே தலையாய கடமை என்றால் மேட்ரிக்ஸ். வாட்ஸ்அப்பை அவசரத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே எடுத்த முடிவை அன்று மாலைக்குள் வேறிடத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தேர்ந்தெடுத்த மென்பொருளில் ஒரு குழு மட்டும் மூன்று மாதம் வேலை செய்யட்டும். பிறகு அந்தக் குழுவில் இல்லாத ஒருவரை அழைத்து, முதல் மாதத்தில் எடுத்த ஒரு முடிவைச் சொல்லி, அதற்கான காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யாரிடமும் கேட்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் அவர் காரணத்தைப் படித்துக் காட்டினால் அந்த மென்பொருள் உங்களுக்கு உதவும். தேதியை மட்டும் கண்டுபிடித்துக் காரணத்தைக் காணாமல் நின்றால், உங்களிடம் நடப்புக் கோப்பு இருக்கிறது, குறிப்புக் கோப்பு இல்லை என்று பொருள். ‘அதை அவர்கிட்டத்தான் கேக்கணும்’ என்று யாராவது குறுக்கே சொன்னால், உங்கள் நிறுவனத்தின் நினைவு இன்னும் ஒரு மனிதரின் தலையில் மட்டுமே இருக்கிறது. அவர் நாளை வேறு வேலைக்குப் போகக்கூடும்.